கமலம் சிஸ்டர் தொட்டுக் கேட்ட கேள்வி

திங்கட்கிழமை காலைப் பிரேயரில் தலைமையாசிரியை, எஸ்டேட் ஆஸ்பத்திரி கமலம் சிஸ்டர் மாரடைப்பால் இறந்துவிட்டதாகச் சொன்னார். எல்லோரும் தலை குனிந்தார்கள். நான் இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டத்தில் படிக்க, விரும்புகிறவர்கள் எழுதித் தரலாம் என்றார். அம்மா தூங்கிய பிறகு, அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

சிஸ்டர் ஊசி போட வந்தால் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். "இப்பவே அழுது தீத்துட்டா குத்துனப்பறம் என்ன கண்ணு பண்ணுவ?"

இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருந்தபோது எனக்கு விஷக்காய்ச்சல். மாதக்கணக்கில் ஒரே பக்கம் படுத்ததில் இடுப்பில் எலும்பு தெரியும் அளவுக்குப் புண். எஸ்டேட் வேலைக்காகப் பந்தலூருக்கு வந்தும் ஆறவில்லை. கோயம்புத்தூரில் ஆபரேஷன் என்றார்கள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சிஸ்டர் தன் லீவைப் போட்டுக் கூட வந்தார்.

தொடையின் வெளிப்பக்கத் தசையைத் தோலோடு எடுத்துப் புண்ணை மூடுவார்கள் என்று அவர்தான் விளக்கினார். "முழுசா வெட்ட மாட்டாங்க கண்ணு. ரத்தம் வர்ற பக்கத்த அறுக்காம அப்படியே திருப்பி வெப்பாங்க. அறுத்துட்டா செத்துப்போயிருமில்ல." ஆபரேஷன் முடிந்ததும் மணிக்கொரு தடவை விரலால் அழுத்திப் பார்த்தார். வெளுத்த இடம் மறுபடி சிவந்த பிறகுதான் டீ குடிக்கப் போவார்.

சில வாரம் கழித்து என்னைக் கண்ணை மூடச் சொல்லித் தொட்டார். "எங்க தெரியுது?"

"தொடையில சிஸ்டர்."

கண்ணைத் திறந்தால் அவர் விரல் இடுப்பில் இருந்தது. தசை கெட்டுப்போயிற்று என்று அழுதேன். அவர் சிரித்தார். "நல்லாத்தான் இருக்குது. எடம் மாறுனது அதுக்கு இன்னும் தெரியல. பழைய ஊட்டு நெனப்புலயே இருக்குது. மாசம் ஒருக்கா கேட்டுப் பாக்கலாம்."

அம்மாவிடம் சொன்னேன். "தொடையில கத்தி வச்சதுன்னு வெளிய தெரிஞ்சா ஒன்னைய யாரு கட்டுவான்? வாய மூடு புள்ள," என்றாள். ஆபரேஷன் செய்த அந்த இடத்தை இதுவரை அவள் பார்த்ததில்லை. "என்னால ஏலாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சிஸ்டர் என்னிடம், "இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல," என்றார். எஸ்டேட் லயத்து வீடுகளில் யாராவது கேட்டால் மட்டும், காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்ததாகச் சொன்னார். எது சரி என்று கேட்டேன். "ரெண்டுந்தான்," என்றார். எனக்கு இன்னும் புரியவில்லை.

மாதாமாதம் கேட்டார். ஒவ்வொரு முறையும் தொடையில்தான் தெரிந்தது. இந்த மாதம் கேட்க அவர் இல்லை. நேற்று நானே கண்ணை மூடித் தொட்டுப் பார்த்தேன். எங்கே தொடுகிறோம் என்று என் விரலுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. வேறு யாராவது தொட வேண்டும்.

சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்வி. மறைக்காமல் என் பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அம்மா, இதைக் கூட்டத்தில் படிக்கும்போது நீயும் அங்கே இருப்பாய். வீட்டுக்குப் போனதும் அடிப்பாய் என்று பயமாக இருக்கிறது. அடித்து முடித்த பிறகு நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். அந்த இடத்தில் ஒரு விரலை வைத்து, எங்கே தெரிகிறது என்று கேள்.

செல்வராணி, ஒன்பதாம் வகுப்பு