எதிர்ச் சுவரில் ஒரு பனிமலை

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை, காலை பத்து இருபது. கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் வங்கிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பையனுக்கு வயிற்றுவலி, வந்து அழைத்துப் போங்கள் என்றார்கள். பேரிக்காய் காய்க்கிற காலம். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு வயிறு வலித்தால் எல்லோரும் முதலில் பழி போடுவது பேரிக்காய் மேல்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அட்டுவம்பட்டியில் இருக்கும் வீட்டுக்குக் கூட்டி வந்து, ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன்.

மதியத்துக்குள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. டவுனில் டாக்டர் அடிவயிற்றில் வலப்பக்கம் கை வைத்ததும் அவன் போட்ட அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. குடல்வால் வெடித்திருக்கலாம், உடனே கீழே கொண்டு போங்கள் என்றார். மலைப்பாதை முழுக்கப் பனிமூட்டம். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஆம்புலன்ஸ் ஒவ்வொரு வளைவிலும் ஊர்ந்தது. நான் பையனின் கையைப் பிடித்தபடி, வாயில் வந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வத்தலக்குண்டு தாண்டி ஒரு மருத்துவமனையில் அவனை நேராக ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். கதவுக்கு மேலே ஒரு கடிகாரம். ஒரு மணி நேரம் தாண்டியது. பிறகு இன்னும் அரை மணி. உட்காருவேன், எழுந்து நடப்பேன், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் கணவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். "முடிஞ்சுதா?" என்று அவர் போனில் கேட்பார். "எங்க இருக்கீங்க?" என்று நான் கேட்பேன்.

வீடு கட்டியபோது ஹாலில் ஓர் ஓவியம் மாட்ட அவர் ஆசைப்பட்டார். "படம் எதுக்குங்க? கடிகாரம் மாட்டுனா மணியாச்சும் தெரியும்" என்று மறுத்தது நான்தான். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அந்த வராந்தாவில் இரண்டுமே இருந்தன.

எதிர்ச் சுவர் முழுக்கப் பெயிண்டில் வரைந்த ஒரு காட்சி. வளைந்து ஏறும் பாதை, பேரிமரங்கள், ஓர் ஓட்டு வீடு. பின்னால் மலையுச்சியெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. கீழே 'கொடைக்கானல்' என்று பெரிய எழுத்தில். மார்கழியில் புல் வெளுக்கிற அளவுக்கு உறைபனி விழும். வெள்ளை மலையை எங்கள் ஊரில் யார் பார்த்தது?

"என்னங்க, அதையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் கேட்டார். எஸ்டேட்டில் கிளை வெட்ட மரம் ஏறிய அவர் கணவர் விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே கிடந்தார். சிலோனிலிருந்து வந்த குடும்பம் என்று சொல்லியிருந்தார்.

"கொடைக்கானல்னு எழுதிட்டுப் பனிமலையைப் போட்டு வச்சிருக்காங்க. கோவமா வருது."

"வரைஞ்சவன் அடிவாரத்துக் காட்ரோடு தாண்டி மேல ஏறியிருக்க மாட்டான். பேரிக்காயைப் பாருங்க, பூசணிக்காத் தண்டி தொங்குது!"

சிரித்துவிட்டோம். அந்த நேரத்தில் எப்படிச் சிரிப்பு வந்தது என்று எனக்கே பயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்: "அந்த வீட்டுல பொகை வருது. ஆளைக் காணோமே?"

"உள்ள இருப்பாங்க."

"என்ன செய்றாங்களாம்?"

"தண்ணி காய வைக்கிறாங்க" என்று என் வாயில் வந்துவிட்டது. "பிள்ளை நனைஞ்சு வருவான்ல."

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுக்காரருக்கும் சேத்துக் காய வைக்கச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு என் கண் அந்தப் பாதையில் ஏறும், வளைவு வளைவாகப் போய் வீட்டு வாசலில் நிற்கும், மறுபடி கீழே இறங்கி ஏறும். பதற்றம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். அதற்குப் போய் நிற்க ஓர் இடம் கிடைத்தது. நான் கடிகாரம் பக்கம் திரும்பினால் அவர் முழங்கையால் இடிப்பார். "அங்க என்ன சோலி உங்களுக்கு? இங்க பாருங்க."

ஒருவழியாகக் கதவு திறந்தது. "பையன் நல்லா இருக்கான்மா" என்றார் டாக்டர். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் என் கணவர் வந்து சேர்ந்தார். உள்ளே போய்ப் பையனைப் பார்த்துவிட்டு வந்து, பெஞ்சில் சாய்ந்து நிமிர்ந்தவர் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

"கொடைக்கானல்ல பனிமலையா? எந்தக் கிறுக்கன் வரைஞ்சான் இதை?"

அந்தப் பெண் திரும்பாமலே சொன்னார்: "மெதுவாப் பேசுங்கண்ணே. அந்த வீட்டுல ஆளு இருக்கு."

மறுநாள் எங்களை வேறு மாடிக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பெண்ணை மறுபடி பார்க்கவில்லை. இன்றும் பையன் தன் வயிற்றில் கை வைத்தால் என் கண் உடனே கடிகாரத்துக்குப் போகிறது. அப்போதெல்லாம் அந்த ஓட்டு வீட்டில் இரண்டு பேருக்கும் தண்ணீர் காய்ந்துகொண்டே இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.