பெயர் போடாத போர்டு

கேலரியில் படம் மாட்டுவதற்கு முன்னால் பல வருடம் நான் பாண்டிச்சேரி கடைகளுக்கு போர்டு எழுதிப் பிழைத்தவன். போர்டு எழுதுகிறவர்கள் கீழ் மூலையில் தங்கள் பெயரைப் போடுவார்கள். நான் போட்டதே இல்லை. பெரிய ஓவியனாகப் போகிறோம் என்கிற திமிர்.

என் முதல் கண்காட்சியில், வந்தவர்களுக்கு ஒரு கடல் ஓவியத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ஊரில் சாரம் பகுதியில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா பட்டுப்புடவையில் வந்து நின்றார்.

"தம்பி, எங்க கடை போர்டு எழுதுனது நீங்கதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லம்மா, அது வேற யாரோ" என்றேன்.

அவர் கையில் மடித்து வைத்திருந்த பேப்பரில் கண்காட்சிச் செய்தியோடு என் போட்டோ இருந்தது. அதை மெல்ல முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"அப்படியா? அவரப் பாத்தா சொல்லுங்க தம்பி. எட்டு மழை பாத்தும் போர்டு இன்னும் வெளுக்கல."

குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் பிரஷ்ஷோடு சாரத்துக்குப் போனேன். நான் ஏற, அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். போர்டின் கீழ் மூலையில் என் பெயரை எழுதினேன்.

உங்கள் ஓவியங்களை எங்கே பார்க்கலாம் என்று இப்போது யாராவது கேட்டால், முதலில் அந்த இட்லிக் கடைக்குத்தான் வழி சொல்கிறேன்.