பேன் உள்பக்கம் ஊதிய காலை

1991. ஆடித் தேர் நிலைக்கு வந்த மறுநாள். காலை பத்து மணி பத்து நிமிடம். கையில் மிச்சம் பதினெட்டு தைரிஸ்டர்.

பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கை அறுத்தது...

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேண்டேஜ் துணி காயவைக்கும் ஷெட். மெல்லிய துணி சூடான உருளைகள் மேல் மெதுவாக ஓட வேண்டும். மோட்டார் வெடுக்கென்று கிளம்பினால் கிழிந்துவிடும். அதற்காக நான் கட்டிய பேனல், வருகிற ஏசியை நடுவில் டிசி ஆக்காமல், துண்டு துண்டாக நறுக்கி நேரடியாக மெதுவான ஏசியாக மாற்றும். நறுக்குவது அந்தப் பதினெட்டு தைரிஸ்டர்கள். வருகிற மின்சாரத்தின் மூன்று பேஸ் வயரும் சரியான வரிசையில் வர வேண்டும். தப்பினால் டமார்.

முதல் செட் தைரிஸ்டர் ஏற்கெனவே என் தப்பால் வெடித்திருந்தது. ராஜபாளையத்து முதலாளி சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு வாட்டி சத்தம் கேட்டுச்சுன்னா, நீ வீட்டுக்குப் போயிரு தம்பி."

ஸ்விட்சில் கை வைத்தேன்.

"ஏலே இஞ்சினியரு, செத்த நேரம் பொறு."

துணி முனைகளைச் சேர்த்துத் தைக்கும் பாத்திமா அக்கா.

"என்னக்கா? நேரமில்ல."

"பேன் என் மூஞ்சில ஊதுது. தேருக்கு முன்னால வெளியதான தள்ளுச்சு?"

"காத்து வருதுல்ல, அனுபவிங்க."

"ஆமா, தெருத் தூசி அம்புட்டும் வெள்ளத் துணில. நீ தொவச்சுத் தருவியா?"

அண்ணாந்து பார்த்தேன். எக்ஸாஸ்ட் பேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பேனுக்கும் பேனலுக்கும் ஒரே கேபிள். அதில் இரண்டு வயர் இடம் மாறினால்தான் அப்படிச் சுற்றும்; அப்படியானால் பேனலுக்கும் வரிசை தப்பு.

ஸ்விட்சிலிருந்து கை தானாக இறங்கியது.

தேருக்கு வழிவிட, தெருவுக்குக் குறுக்கே வரும் அந்தக் கேபிளை அவிழ்த்திருந்தோம். தேர் போனதும் அவசர அவசரமாக மாட்டியது... நான்.

வயரை மாற்றினேன். பேன் வெளிப்பக்கம் தள்ளியது. ஸ்விட்ச் போட்டேன். உருளை உறுமிக்கொண்டு நகர்ந்தது. துணி கிழியவில்லை.

"யாருய்யா வயர மாத்தி மாட்டுனது?" என்றார் பின்னால் நின்று பார்த்த முதலாளி.

"யாரோ..." என்றேன்.

நான் மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பாத்திமா அக்கா. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து தைக்க ஆரம்பித்தார்.

இப்போது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் டிபன் பாக்ஸ் அளவுதான். நடுவில் டிசி ஆக்கிவிடுவதால் வருகிற வயரை எப்படி மாட்டினாலும் ஓடும். நல்லதுதான், நான் விற்பதும் அதையேதான். ஆனால் அன்றைக்கு அந்தத் துணி ஓடியதால்தான் இன்றுவரை எனக்குச் சோறு.

இனி செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமை மம்சாபுரம் போய் அக்காவைப் பார்ப்பது.
2. பேனைக் காட்டியதற்கு நன்றி சொல்வது.
3. ஏணியைப் பற்றி வாய் திறக்காததற்குத் தனியாக ஒரு நன்றி.
4. அவிய திட்டி முடிக்கிற வரைக்கும் வாட்சைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது.