வெயில் படாத மஞ்சள் படம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, குறி கேட்பது எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. திருவாரூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண போட்டோவில் பின்னால் வெள்ளையாக ஓர் உருவம் தெரிகிறது என்று பதறிக்கொண்டு வருபவர்களிடம், அது லென்ஸைத் துடைக்காமல் எடுத்ததால் வந்தது, எங்கள் ஸ்டுடியோப் பையனின் சோம்பேறித்தனம்தான் அந்த ஆவி என்று சொல்லிச் சிரித்து அனுப்புகிறவள் நான். அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் எனக்கு வெயில் தலையில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் இது நடந்தது பகல் வெளிச்சத்தில்.

ஆடி மாதம் எங்கள் தொழிலில் ஈ ஓட்டுகிற மாதம். முகூர்த்தம் கிடையாது. சும்மா இருக்க முடியாமல், கேமரா வந்த காலத்தில் செடி கொடிச் சாற்றை வைத்துப் படம் போட்டார்களாமே, அதைச் செய்து பார்க்கத் தொடங்கினேன். மஞ்சள் தூளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, தடித்த வரைதாளில் பூசி, நிழலில் காயவைக்க வேண்டும். படத்தைக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டில் எடுத்து, அந்தத் தாள்மேல் வைத்து, கண்ணாடி போட்டு இறுக்கி வெயிலில் வைத்தால், வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் வெளுத்துப்போகும், படாத இடம் நிற்கும். பிறகு வெங்காரம், அதாவது போராக்ஸ், கரைத்த தண்ணீரில் நனைத்தால், மிச்சமிருக்கிற மஞ்சள் ஆரத்தி மாதிரி சிவக்கும். அதுதான் படம். இதில் ஒரே குறை, இந்தப் படம் நிலைக்காது. வெளிச்சத்தில் வைத்தால் நாளாக ஆக மங்கிக்கொண்டே போகும்.

ஸ்டுடியோவில் நான் போட்டு வைத்திருந்த வேப்பிலைப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கயல் கேட்டாள். கயல் எங்கள் தெருப் பெண், ஆவணியில் கல்யாணம். கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டாள், வளர்த்ததெல்லாம் அத்தை சரசுதான். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன் பூவாடைக்குப் படைப்பார்கள். சுமங்கலியாகப் போய்ச்சேர்ந்த பெண்ணை நினைத்துப் புதுச்சேலை, மஞ்சள், பூ எல்லாம் வைத்துக் கும்பிட்டு, அந்தச் சேலையை மணப்பெண்ணுக்குக் கொடுப்பார்கள்.

"படையல்ல வைக்க அம்மாவுக்கு ஒரு படம் வேணும்க்கா. மஞ்சள்லயே இருந்தா அவங்களுக்குப் பொருத்தமா இருக்கும்ல," என்றாள்.

படம்தான் இல்லையே. அம்மாவின் கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் ஊறி ஒட்டிப் பாழாகிவிட்டது. மிஞ்சியது கயலின் காதுகுத்துப் படம் ஒன்றுதான். தாய்மாமன் மடியில் குழந்தை அழுகிறது, சுற்றிலும் கூட்டம், இடது ஓரத்தில் அம்மா. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற கூச்சமாம். அந்தப் படத்திலும் அப்பால் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். ஒரு காது, கன்னத்தில் இடப்பக்கம் கொஞ்சம், அவ்வளவுதான் தெரியும். அந்தப் பெண் தன் அம்மாவின் முகத்தையே பார்த்ததில்லை, யோசித்துப் பாருங்கள்.

அப்பால் திரும்பிய முகத்தை நேராக்கிக் காட்டுகிற செயலி ஒன்றை போனில் போட்டு முயன்றேன். வந்த முகத்தைக் கயல் வெகுநேரம் பார்த்தாள்.

"யாரோ சீரியல்ல வர்றவங்க மாதிரி இருக்காங்கக்கா. வேணாம். அந்தக் காது போதும். அது எங்கம்மாவோடதுதானே."

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் வேறெதுவும் செய்யவில்லை. அம்மா நிற்கிற பகுதியை மட்டும் பெரிதாக்கி ஷீட்டில் எடுத்தேன்.

படையல் அன்று காலையில் அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் கொல்லையில் விளைந்த மஞ்சளிலேயே தாளைத் தயார் செய்தேன். கண்ணாடி போட்டு மொட்டை மாடியில் வைத்தேன். "சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடக் கூடாது," என்று கயலிடம் சொல்லிவிட்டு, ஒரு ஆர்டருக்காக டவுனுக்குப் போனேன். கயலும் பிளவுஸ் வாங்க டெய்லரிடம் போய்விட்டாள். அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

திரும்பி வந்தால் மாடி காலி. சரசு அத்தை அடுப்படியிலிருந்து சாவகாசமாக வருகிறாள்.

"அதையா கேக்குற? நீ தெருவைத் தாண்டியிருக்க மாட்ட, நான் வத்தல் போட மேல போனேன். மஞ்சளப் போய் யாராச்சும் வெயில்ல போடுவாங்களா? நிறம் செத்துடாது? அதான் எடுத்துட்டு வந்து படையல் சேலைக்கடியில பத்திரமா வச்சேன்."

அவள்மேல் என்ன தப்பு. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் மஞ்சள் துணியை நிழலில்தான் காயவைப்பாள். ஆனால் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! சாமி அறையில் மடித்துவைத்த புதுச்சேலைக்கு அடியில், வெளிச்சமே படாமல் கிடந்தது என் கண்ணாடி. மறுபடி வெயிலில் வைக்கப் பொழுதும் இல்லை. கயல் வாசற்படியில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வீம்புக்குத்தான் செய்தேன். வெயில் படாத தாளை வெங்காரத்தில் போட்டால் முழுக்கச் சிவந்து நிற்கும், அதை அத்தைக்குக் காட்டி நாலு வார்த்தை கேட்கலாம் என்று தாளை உருவித் தண்ணீரில் முக்கினேன்.

"பாருங்கத்தை, பாருங்க, ஒன்னுமே வராது."

வந்தது. முதலில் சேலையின் மடிப்பு, பிறகு பூ, பிறகு காது. ஒரு காது இல்லை, இரண்டு. அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு சாய்ந்து தண்ணீர் தரையில் சிந்தியது. கயல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு, "மதனீ..." என்றாள்.

நான் அப்போதும் குறை தேடிக்கொண்டிருந்தேன், பாருங்கள். வலது புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு கோடு. பிரஷ் மயிர் ஒட்டியிருக்கிறது என்று நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. அந்த நேரத்தில்தான் கயலின் அப்பா வயலிலிருந்து வந்தார். காலில் சேறோடு அப்படியே நின்று பார்த்தார்.

"அதைக் கிள்ளாதம்மா," என்றார். "அது தழும்பு. கல்யாணமான புதுசுல கதிர் அறுக்கறப்ப கருக்கருவா பட்டது. முடியை இழுத்து விட்டு மறைச்சுக்குவா. ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். கயல் அப்பாவைப் பார்க்கவில்லை, தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அம்மா என்னைப் பாக்குறாங்கக்கா," என்றாள். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது. ஈரம் காயாத அந்தப் படத்தை வைத்துத்தான் படைத்தார்கள்.

நான் விடுவேனா? அடுத்த வாரமே அதே ஷீட்டை என் வீட்டு மாடியில் நாளெல்லாம் வெயிலில் வைத்துப் போட்டேன். படம் நன்றாக வந்தது, முகம் வழக்கம்போல அப்பால் திரும்பியிருந்தது. இன்னொரு தாளைச் சேலைக்கடியில் வைத்துப் பார்த்தேன், முழுக்கச் சிவப்பு, ஒரு கோடுகூட இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கிற பழைய காதுகுத்துப் படத்தை எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று கேட்காதீர்கள். அதில் அவள் திரும்பவே இல்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பார்க்கப் பார்க்க மங்கிவிடும் என்று சொல்லியிருந்ததால், கயல் அந்தப் படத்தைப் பூவாடைச் சேலைக்குள் சுற்றி பீரோவில் வைத்துவிட்டாள். பார்க்க ஆசை வந்தால் பீரோக் கதவைத் தொட்டுவிட்டு வந்துவிடுவாளாம்.

பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தபோதுதான் மறுபடி வெளியே எடுத்தாள். பெண் குழந்தை. பாயில் படுக்கவைத்து, "பாட்டிக்குக் காட்டணும்க்கா, நீங்களும் வாங்க," என்று என்னைக் கூப்பிட்டாள். ஜன்னலை ஒருக்களித்து வைத்துச் சேலையைப் பிரித்தாள். படத்தில் சேலை மடிப்பெல்லாம் வெளுத்திருந்தது, முகம் மட்டும் அப்படியே இருந்தது. கயல் தாளைக் குழந்தைக்கு மேலே பிடித்து ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தாள், அவள் கண் குழந்தைமேல். நான்தான் பார்த்தேன். முன்பு நேராக இருந்த பார்வை கீழே தாழ்ந்திருந்தது. தலையும் லேசாகக் குனிந்திருந்தது. தாளின் ஓரத்தைத் தாண்டிப் பாயைப் பார்ப்பதுபோல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் குழந்தை சிணுங்க, சரசு அத்தை வந்து தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள், கயலும் பின்னாலேயே போனாள். போகும்போது, "அதைச் சுத்தி வச்சிருங்கக்கா," என்று தாளை என் கையில் கொடுத்துவிட்டாள். எனக்குப் பயமில்லை, படத்தில் இருப்பவள் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போது அந்தக் கண் வாசல் பக்கம் திரும்பியிருக்குமோ என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தாளைக் குப்புறக் கவிழ்த்து, பார்க்காமலே சேலையைச் சுற்றிவிட்டேன்.