"ஆர் கேக்கப்போகினம்?": சிவமலர் அக்காவின் நினைவாக

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பஃபலோ ரோட்டுக் காப்பிக் கடையில் உட்கார்ந்து, கைப்பேசியில் இரண்டு மைக்குகளின் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சிவமலர் அக்காவின் மகன் குகன் அழைத்தார்.

"அங்கிள், அம்மா போயிட்டாங்க. காலைல எழுந்திரிக்கவே இல்ல."

"சரிப்பா, வரேன்" என்றேன். போனை வைத்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, இந்த இரண்டில் எதை வாங்குவது என்று இனி யாரிடம் கேட்பது என்பதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. மிச்சக் காப்பியைக் குடித்தேன். தட்டை எடுத்துப்போய் வைக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். பிறகு குவீன்ஸ்டவுனுக்கு ரயில் ஏறினேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். கப்பல் சரக்கு அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் எனக்கு எதிர் மேசை. என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் தட்டச்சு செய்த தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "தம்பி, பினாங்குக்குப் போற பெட்டியை நீங்கள் பெர்த்துக்கு அனுப்பிப்போட்டியள்" என்று சொல்லும்போது குரலை உயர்த்தவே மாட்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

அவர் ஓய்வு பெற்ற வருடம், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய பெரியக்கா இராசமலருக்குச் சர்க்கரை நோயால் கண்பார்வை போயிற்று. பெரியக்கா புத்தகம் இல்லாமல் சோறு இறங்காதவர். எனவே வாரந்தோறும் ஒரு கதையை வாசித்து, பதிவு செய்து அனுப்புவதென்று அக்கா முடிவு செய்தார். ரோச்சோர் பக்கம் ஒரு கடையில், விற்பவர் சொன்னதை நம்பி, பாடகர்கள் வைத்துக்கொள்ளும் பெரிய மைக் ஒன்றை வாங்கினார். அது மேல் வீட்டில் நாற்காலி இழுப்பதையும், பக்கத்து வீட்டு வாணலியையும், ரயில் போவதையும் ஒன்று விடாமல் பிடித்தது. "என்ர குரலைத் தவிர எல்லாம் வடிவாக் கேக்குது" என்றார் என்னிடம். பெரியக்கா கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். "ஆர் வீட்டில மீன் பொரிக்கினம்?" என்று மட்டும் கேட்டாராம்.

அக்கா அந்த மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். அத்தகைய மைக் சத்தம் புகாத அறைக்கு உரியது, நம் அடுக்குமாடி அறைக்கு வாய்க்கு அருகே பிடித்தால் மட்டும் கேட்கும் சாதாரண மைக்கே நல்லது என்று கண்டுகொண்டார். சேலை அலமாரியின் கதவுகளைத் திறந்துவைத்து, அதற்குள் முகத்தைக் கொடுத்து வாசிப்பார். சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும். கணினியில் ஓர் இலவச மென்பொருள் வைத்திருந்தார். தடுமாறிய இடத்தை வெட்டுவார், குரல் தணிந்த இடத்தை உயர்த்துவார், அவ்வளவுதான். கடைசியாக, பெரியக்காவிடம் இருப்பதைப் போன்ற ஒரு மலிவுக் கைப்பேசியில் முழுவதையும் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார்.

இந்தச் செய்தி பரவி, ஆட்கள் அவரிடம் யோசனை கேட்டு வரத் தொடங்கினார்கள். டியூஷன் ஆசிரியர்கள், சமையல் காணொளி போடுகிறவர்கள், கோயிலில் பாடுகிறவர்கள். எந்த மைக், எந்தக் கேமரா என்று கேட்டால் அக்கா பதிலுக்கு ஒன்று கேட்பார்: "ஆர் கேக்கப்போகினம்? எதில கேக்கப்போகினம்?" அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர்களை, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரச் சொல்வார்.

என்னையும் அப்படித்தான் சொன்னார். நடைபாதைத் தொட்டிச் செடிகளைப் பற்றிக் காணொளி போடலாம் என்று நான் ஒரு பெரிய கேமரா, மூன்று விளக்குகள், வருடச் சந்தா கட்டும் மென்பொருள் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். அக்கா வந்து பார்த்தார். "தம்பி, கடை வைக்கப்போறியளோ?" என்றார். விளக்குகளை அணைத்துவிட்டு என்னைச் சன்னலைப் பார்த்து உட்காரவைத்தார். என் கைப்பேசியைப் புத்தகங்களின்மேல் சாய்த்துவைத்தார். படம் கொஞ்சம் மங்கினால் ஆட்கள் பொறுப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் போய்விடுவார்கள், சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று மட்டும் வாங்குங்கள் என்றார். அந்த மென்பொருளில் சுற்றுச் சத்தத்தை அகற்றும் வசதி இருக்கிறது என்று நான் பெருமையாகக் காட்டினேன். அதற்கு முகம் சுளித்தார். "எது சத்தம், எது தேவை எண்டு அதுக்கு என்னெண்டு தெரியும்?"

இரண்டு வருடத்துக்கு முன்பு முருகேசனை நான்தான் அவரிடம் கூட்டிப்போனேன். துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஞாயிறுதோறும் பேசி அனுப்புகிறவர். அறையில் இருப்பவர்களின் சத்தம் விழாத மைக் ஒன்று வேண்டும் என்றார்.

"பன்னெண்டு பேரு இருக்கோம்க்கா. ஒருத்தன் சிரிப்பான், ஒருத்தன் போன்ல சண்டை போடுவான்."

"அம்மாவுக்குத்தானே? அப்ப ஒண்டும் வாங்காதேங்கோ. போனை வாய்க்குக் கிட்டப் பிடிச்சுக் கதையுங்கோ, அதுவே காணும். மற்றச் சத்தம் இருக்கட்டும். மகன் தனிய இல்லை எண்டு அவவுக்குத் தெரியட்டும்."

முருகேசன் ஒன்றும் வாங்காமல் போனார். அதன்பிறகு மாதம் ஒருமுறையாவது அக்காவைப் பார்க்க வருவார்.

இனி இறுதிச் சடங்கு நாளைச் சொல்ல வேண்டும். அக்கா இருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் எல்லாமே. குகன் என்னிடம் வந்து, "அங்கிள், பெரியம்மாவால வர முடியாது. நீங்க லைவா போட்டுக் குடுத்துடுங்க. உங்ககிட்டதான் எல்லாச் சாமானும் இருக்கே" என்றார். மடிக்கணினியைக் கொண்டுபோனேன். அக்கா அன்று வாங்கச் சொன்ன சின்ன மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் பெரியக்காவைப் பார்த்துக்கொள்ளும் மதி இணைப்பில் வந்தார். "கேக்குதாக்கா?" என்றேன். "நீங்கள் கதைக்கிறது வடிவாக் கேக்குது தம்பி" என்றார் பெரியக்கா. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. பார்வை இல்லாதவர் என்பதால் நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். இப்போது மாலை போடுகிறார்கள். இப்போது வாய்க்கரிசி. இப்போது பெட்டியை மூடுகிறார்கள்.

மறுநாள் பெரியக்கா என்னை அழைத்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கவேணும். என்ர தங்கச்சிக்கு அங்க ஒருத்தரும் அழேல்லையோ?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். அந்த மென்பொருளின் சுற்றுச் சத்தத்தை அகற்றும் வசதி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. என் குரல் ஒன்றுதான் பேச்சு என்று அது எடுத்துக்கொண்டது. மணி, சங்கு, ஓதுவாரின் பாட்டு, அழுகை, எல்லாவற்றையும் சத்தம் என்று துடைத்துவிட்டது. அக்கா எனக்கு நேராகவே சொன்ன விஷயம். நான்தான் மறந்தேன்.

"நிறைய பேர் அழுதாங்கக்கா. மத்த சத்தம் உங்களுக்கு வரல. என் தப்புதான்."

"உங்கட குரல் வந்ததே. நான் ஆறவேணும் எண்டு சொல்லுறியள் போல. பரவாயில்லை தம்பி."

அதன்பிறகு மூன்று முறை அழைத்துச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் "ஓம் தம்பி, ஓம்" என்றார். அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். நேரலையை நான் சேமித்தும் வைக்கவில்லை. குகன், "விடுங்க அங்கிள், வேணும்னு செஞ்சது இல்லலா" என்கிறார். என்னால் விட முடியவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அவர் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டது இதற்காகத்தான். மதி இதைப் பெரியக்காவுக்கு வாசித்துக் காட்டுவார். ஆகவே இனி வருவது அவருக்கு.

பெரியக்கா, பெட்டியை மூடும் வரைக்கும் குகன் தாங்கிக்கொண்டிருந்தார். மூடியதும் "அம்மா" என்று ஒரே ஒரு முறை கத்திவிட்டு, வேட்டியோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. உங்கள் ஊர்க் குடும்பத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எதிர் புளோக்கில் சன்னல்களைத் திறந்து பார்த்தார்கள். மேல் வீட்டு மலாய் அம்மா ரோஹானி மக்சிக், அதுதான் நாற்காலி இழுப்பவர், பாட்டு ஒன்றும் புரியாமலே முதலிலிருந்து கடைசிவரை அழுதார். முருகேசன் அரை நாள் விடுப்பு எடுத்து, வேலைக் காலணியோடு துவாஸிலிருந்து வந்திருந்தார். லிஃப்ட் பக்கம் நின்று அவர் வாய்விட்டு அழுத அழுகையில் ஓதுவார் பாட்டை நிறுத்திவிட்டார். யாரோ முருகேசனுக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

நான் அழவில்லை. அன்றைக்கும் இல்லை, இதை எழுதும்போதும் இல்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே மரத்துப்போய்க் கிடக்கிறது. இருபத்திரண்டு வருடம் எதிரே உட்கார்ந்திருந்தவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், நானோ செய்தி வாசிக்கிறவனைப் போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

சிவமலர் அக்கா, போய் வாருங்கள். உங்களை நிறைய பேர் அழுதுதான் அனுப்பினார்கள்.

பெரியக்கா, இதையாவது நம்புங்கள். அங்கே அழாமல் நின்றவன் ஒருவன்தான். உங்களுக்குக் கேட்டது அவன் குரல் மட்டும்தான்.