தகர வேலியைத் தட்டிய மாலை

லாசெல்ஸ் பின்னக் இப்போது நாடு நாடாகப் பறக்கிறான். பெரிய அரங்குகளில் பாடுகிறானாம். பாடட்டும். மொரான்ட் பே என்ற எங்கள் ஊரில், கடற்கரைத் தகர வேலிக்குள் அவன் பாடிய மாலைகளைப் பார்க்காதவர்கள் என்னத்தைப் பார்த்தார்கள்? அந்த வேலியோரம் மீன் பொரித்து விற்றவள் நான். இன்றைக்கும் மனசு அங்கேயே போய் நிற்கிறது.

முதலில் அவன் இடுப்பை ஆட்டவைக்கும் டான்ஸ்ஹால் பாட்டுக்காரன். பிறகு ராஸ்தாஃபாரி மார்க்கத்தில் சேர்ந்தான். அந்த மார்க்கத்து வழக்கப்படி சடை வளர்த்தான், ரெகே இசையில் கடவுளைப் பாடினான், சாப்பாட்டில் உப்பை ஒதுக்கினான். அவன் அம்மா இசில்டா தேவாலயமே கதியென்று கிடந்தவள். சடையைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். உப்பு விஷயம்தான் அவளுக்கு ஆறவே இல்லை.

"என் கை உப்பைத் தின்னு வளந்தவன், இப்ப உப்பு வேணாங்கறான் துரை! இனி அவனுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

அதோடு பேச்சு நின்றது. பாட வரும்போதெல்லாம் என் அடுப்பருகே வந்து நிற்பான்.

"வெர்னாக்கா, அம்மா என்னப் பத்திக் கேட்டுச்சா?"

"கேக்கலடா." பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அம்மாவப் பத்தி ஒரு பாட்டு கட்டியிருக்கேன். ஒரே ஒரு தடவ வந்து கேட்டாப் போதும்க்கா."

நேரே போய் இசில்டாவைப் பிடித்தேன். "பெத்த புள்ள பாட்டக் கேட்டா சொர்க்கத்துல உனக்குக் கதவச் சாத்திருவாங்களாக்கா? கிளம்பு!"

ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு வந்தாள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

அவன் இரண்டு வரிதான் பாடியிருப்பான். கூட்டம் தகரத்தை அடிக்கத் தொடங்கியது. பாட்டு நெஞ்சில் ஏறிவிட்டால் எங்கள் ஊரில் அப்படித்தான். பாடுகிறவன் உடனே நிறுத்திவிட்டு முதலிலிருந்து பாட வேண்டும். லாசெல்ஸ் நிறுத்தினான். தேவாலயத்துக்காரிக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கைப்பையை ஓங்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் பாய்ந்தாள்.

"நிறுத்துங்கடா தறுதலைங்களா! என் புள்ள பாடி முடிக்கட்டும்!"

கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! லாசெல்ஸ் மட்டும் மைக்கைப் பிடித்தபடி தேம்பினான். நானும்தான்.

ஓடிப்போய் அவள் காதில் விஷயத்தைச் சொன்னேன். முறைத்தாள்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்னடி?"

என் சட்டி மூடியைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தகரத்தை அடித்தாளே ஓர் அடி! அவன் முதலிலிருந்து பாடினான்.

மறுநாள் காலையில் தூக்குச்சட்டியோடு என் வாசலில் நின்றாள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த ஈரப்பலாக்காய்.

"அவன்கிட்ட குடு."

அவள் தெருமுனை திரும்பியதும் மூடியைத் திறந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். ஒரு கல் உப்பு இல்லை.