ஆறு இன்னிங்ஸ் நான், ஒன்று அவள்

கல்லூரியில் நான் பேஸ்பால் ஆடினேன் என்றால் கடலூரில் இன்றைக்கும் "அது கிரிக்கெட் மாதிரிதானே?" என்பார்கள். நான் பிட்ச்சர், அதாவது பந்து எறிபவள். ஏழு இன்னிங்ஸ் முழுக்க எதிரணியில் ஒருத்தியும் என் பந்தை அடித்து ஓடி, முதல் பேஸ் என்கிற முதல் நிலைக்குப் போய்ச் சேராவிட்டால், அதைவிடப் பெரிய பெயர் ஒரு பிட்ச்சருக்குக் கிடையாது.

சிதம்பரத்தில் நடந்த அரையிறுதியில் ஆறு இன்னிங்ஸ் வரை எனக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு ஹிட்கூட இல்லை. ஆறாவது முடிந்து வெளியே வந்தபோது தோளைத் தேய்த்துக்கொண்டதைப் பயிற்சியாளர் பார்த்துவிட்டார்.

"நீ போதும். ஒக்காரு."

"சார், ஒரே ஒரு இன்னிங்ஸ் சார்."

"நாளைக்கு ஃபைனல் இருக்கு. கை வேணுமா, பேரு வேணுமா?"

எனக்குப் பெயர்தான் வேண்டும். வாய் விட்டுச் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பதிலாக இறங்கியவள் கீரப்பாளையத்துப் பெண். விடுதியில் என் பக்கத்துக் கட்டில். என் எண்ணெயைத் தலைக்கு வைப்பாள், அவள் துண்டை நான் எடுப்பேன். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்; ஏழாவதில் மூன்று பேரையும் வரிசையாக அவுட்டாக்கினாள். ஹிட் இல்லாமலே ஆட்டம் முடிந்தது. எல்லாரும் ஓடிப்போய் அவளைத் தூக்கினார்கள். நானும் ஓடினேன். கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது அவள் கால் மட்டும்தான்.

மறுநாள் இறுதிப்போட்டியில் தோற்றோம். எறிந்தது நான். அதற்கடுத்த ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்து வரும் வழியில் அப்பா பேப்பர் வாங்கி வந்தார். அவள் படம் போட்டு, ஒரு ஹிட்கூடக் கொடுக்காத வீராங்கனை என்று எழுதியிருந்தது. அப்பா இரண்டு தடவை படித்தார்.

"உன் பேரு எங்கம்மா?"

"தெரியலப்பா."

அந்த வாரமே பயிற்சியாளரிடம் போய், நான் எறிந்தது ஆறு இன்னிங்ஸ் என்று ஒரு கடிதம் கேட்டேன். "டீம் கேம்ல என்னுது உன்னுதுன்னு என்னா இருக்கு?" என்றார். ஆனாலும் எழுதிக் கொடுத்தார். 'இருவரும் இணைந்து நிகழ்த்திய சாதனை' என்று இருந்தது. எண்ணிக்கை எதுவும் இல்லை.

படிப்பு முடிந்து பண்ருட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். அவளும் வந்திருந்தாள். அவள் ஃபைலில் அந்தப் பேப்பர் பளபளவென்று லேமினேட் செய்யப்பட்டிருந்தது. உள்ளே என் கடிதத்தைப் படித்தவர், "இருவரும்னா நீங்க பாதி, அவுங்க பாதியா?" என்று கேட்டார்.

"ஏழுல ஆறு நான் சார்."

அவர் சிரித்தார். வேலை அவளுக்குக் கிடைத்தது. அதனால்தான் கிடைத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. நான் இப்போது கடலூர் முதுநகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன்.

போன பங்குனியில் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தோளில் மட்டைப் பை. அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததை நான் கேட்டுவிட்டேன்.

"பேப்பர்காரங்ககிட்ட என் பேரையும் ஒரு வார்த்தை சொன்னியாடி?"

"இல்ல" என்றாள். "எங்க வீட்ல அதுவரைக்கும் யாரும் என்னையப் பத்திப் பேசுனதில்ல. உன் பேரச் சொன்னா அது பாதியாப் போயிடும்னு தோணுச்சு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து அவளுக்கும் கோபம் வந்தது.

"நீ ஆறு வரைக்கும் காப்பாத்துனத நான் ஏழாவதுல கோட்ட விட்டிருந்தா? எல்லாரும் என்னையத்தானே திட்டியிருப்பீங்க. அந்தப் பயத்துல உனக்குப் பங்கு இருந்துச்சா?"

அதுவரை அதை நான் யோசித்ததே இல்லை. அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தால் என் மனசு ஒரு இம்மிகூட ஆறவில்லை. தனியாகச் செய்திருந்தால் அது என்னுடையது. இரண்டு பேர் சேர்ந்து செய்தது, கடைசியில் நின்றவளுடையது. எங்கள் விஷயத்தில் அப்படித்தான் முடிந்தது.

"சனிக்கிழமை எங்க ஸ்கூலுக்கு வாயேன். புள்ளைங்களுக்கு உன்ன மாதிரி எறியக் கத்துக்குடு" என்றாள். கெஞ்சும் குரல்தான்.

"கடை இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து நின்ற கடலூர் பஸ்ஸில் ஏறினேன். அவள் ஜன்னல் பக்கம் வந்து ஏதோ சொன்னாள். நான் திரும்பவில்லை. நெல்லிக்குப்பம் தாண்டுவதற்குள் அழுதுவிட்டேன். சனிக்கிழமை போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை.